நிமிர்ந்து தெரிந்த இறக்கை

மார்ச் 6, செவ்வாய்

நாட்காட்டியைத் தொகுக்கும் டெர்க் ஒன்பது படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டான். அனுப்பியது பன்னிரண்டு. காற்றாலை நண்பர்கள் சங்கத்தின் நாட்காட்டிக்கு நான் முப்பத்தொரு வருடமாகப் படம் கொடுக்கிறேன், இப்படி ஒருமுறையும் நடந்ததில்லை. உறைக்குள் ஒரு சீட்டு: "அம்மணி, இந்த முறை படங்கள் கூர்மையாக இல்லை. மன்னிக்கவும்."

அவன் அரைக்கால்சட்டையோடு திரிந்த நாளிலேயே நான் குளியலறைச் சன்னலில் கம்பளி தொங்கவிட்டுப் பிலிம் கழுவியவள். பகலில் உருளைக்கிழங்கு மாவுத் தொழிற்சாலை, சனி ஞாயிறு ஆலைகள். யாரும் சொல்லித்தரவில்லை. போன வருடக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவனைத் திருத்தினேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது போல. ஆலையின் முதுகைப் படமெடுத்து முகம் என்று அச்சடித்தால் திருத்தாமல் என்ன செய்வது?

இருந்தாலும் கேமராவில் ஏதோ கோளாறு இருக்கிறது. உள்ளே பார்த்தால் நடுவட்டத்தில் கோடு இரண்டாக உடைந்து தெரியும், வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் சேரும், சேர்ந்தால் கூர்மை. இப்போது சேர மறுக்கிறது. பழுது பார்க்க நகரத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 10, சனி

பழைய கேமராவை எடுத்துக்கொண்டு ஹார்மின் ஆலைக்குப் போனேன். ஆலையின் பெயர் 'சாம்பல் நாரை'. நல்ல தென்மேற்குக் காற்று. ஹார்ம் வாரம் முழுக்கப் பேருந்து ஓட்டுகிறான், சனிக்கிழமை மட்டும் ஆலைக்காரன். காபி நேரத்துக்கு இறக்கைகளை நிறுத்தியிருந்தான்.

"மோய், வாங்க ஃபென்னா! இன்னிக்கு யாரத் திட்ட வந்திருக்கீங்க?"

"உன்னத்தான். உன் இறக்கை வளைஞ்சிருக்கு."

"எது?"

"இப்ப கீழ நிக்குதே, அது. நடுவுல பாரு, வில்லு மாதிரி."

கோப்பையோடு வெளியே வந்து பார்த்தான். ஆலையை ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்தான். "எனக்கு நேராத்தான் தெரியுது."

"உனக்கு எப்பத்தான் எது தெரிஞ்சிருக்கு?"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு இறக்கை பன்னிரண்டு மீட்டர், அதற்குள் இரும்புத் தண்டு. மே மாதம் ஆலை நாளன்று ஊரே குழந்தை குட்டிகளோடு அதற்குக் கீழே நின்று அப்பம் தின்னும். உள்ளே துரு தின்றுகொண்டிருந்தால்? நடுவில்தான் முறியும். நான் பார்த்த வளைவும் நடுவில்தான்.

மார்ச் 13, செவ்வாய்

நகராட்சிக்கு மூன்று பக்கக் கடிதம். தேதி, காற்றின் திசை, நான் நின்ற இடம், எல்லாம் எழுதிவிட்டேன். நாளை யாராவது செத்தால் எனக்குத் தெரியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

மார்ச் 17, சனி

ஹார்மே கூப்பிட்டான். நகராட்சியிலிருந்து அவனுக்குத் தொலைபேசி போயிருக்கிறது. கோபமாக இருப்பான் என்று நினைத்துப் போனேன். கோபம்தான், ஆனால் வேலையும் செய்திருந்தான். நான் சொன்ன இறக்கையைக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, சட்டங்களில் கால் வைத்து ஏறி, நுனியிலிருந்து அச்சு வரை தண்டின் மேல் ஒரு வெள்ளைக் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தான். சுண்டினால் தந்தி மாதிரி அதிர்ந்தது.

"கயிறு பொய் சொல்லாது. வந்து பாருங்க. தண்டுக்கும் கயித்துக்கும் நடுவுல விரல் நுழைஞ்சா இந்த ஆலைய நானே கொளுத்திடுறேன்."

பார்த்தேன்.

கயிறும் வளைந்திருந்தது. தண்டு வளைந்த அதே இடத்தில், அதே பக்கமாக, அதே அளவுக்கு.

இழுத்துக் கட்டிய கயிறு வளையுமா?

தலையைக் கொஞ்சம் நகர்த்தினேன். வளைவும் நகர்ந்தது. மேலே பார்த்தால் மேலே போனது. கீழே பார்த்தால் கீழே வந்தது.

"சரி. நேராத்தான் இருக்கு" என்றேன்.

"என்னது? இன்னொரு தடவ சொல்லுங்க. பொண்டாட்டியக் கூப்புடுறேன், சாட்சிக்கு."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கேமராப் பையின் வாயை மூன்று முறை தடவித்தான் கண்டுபிடித்தேன்.

அதே நாள், மாலை

குளியலறைச் சுவரின் வெள்ளை ஓடுகள். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நடுவில் நான்கு ஓடுகள் உள்ளே இழுத்துக்கொண்டு தெரிகின்றன, யாரோ சுவரின் பின்னாலிருந்து கோடுகளை உறிஞ்சுவதுபோல. நடுப்புள்ளியில் சாம்பலாக ஒரு கறை. துணியால் துடைத்தேன். சுவரைப் போய்த் துடைத்தேன்.

வலது கண்ணை மூடினேன். ஓடுகள் நேராகிவிட்டன. ஆனால் இடது கண் பிறவியிலிருந்தே சோம்பேறி. ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் உருவம் மட்டும் காட்டும், எழுத்தைக் காட்டாது. வளர வளரத் தானே சரியாகிவிடும் என்று அந்தக் காலத்து டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம். சரியாகவில்லை. என் வாழ்நாள் முழுவதையும் வலது கண்தான் பார்த்தது.

எனக்கு இருப்பது ஒரே ஒரு கண்.

மார்ச் 18, ஞாயிறு

யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மார்ச் 20, செவ்வாய்

கேமரா திரும்பி வந்தது. பழுது ஒன்றுமில்லையாம். சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, "அருமையான கேமரா, நன்றாக வைத்திருக்கிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார்கள்.

பழுது இருந்திருக்கக் கூடாதா.

மார்ச் 25, ஞாயிறு

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயதில் வந்தது. முதலில் செய்தித்தாளில் சொற்களின் நடு எழுத்துகள் காணாமல் போயின. அச்சகத்தைத் திட்டினார். அப்புறம் கடிகார முள். அப்புறம் எங்கள் முகங்கள். ஓரம் மட்டும் தெரிந்ததால் வீட்டுக்குள் இடிக்காமல் நடப்பார், புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "வயசாச்சு, இதுக்கு மருந்து கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கால்வாயில் மதகு திறந்து மூடிய மனிதர் ஆறு வருடம் வானொலிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதில் கடைசி இரண்டு வருடம் வானொலியைப் போடச் சொல்லவும் இல்லை.

டாக்டரிடம் போனால் என்ன செய்வார்? பெயர் சொல்வார். காகிதத்தில் எழுதுவார். காரை எடுத்துக்கொள்வார்கள். கார் இல்லாவிட்டால் இந்த மாகாணத்தில் பாதி ஆலைகளுக்கு நான் போகவே முடியாது. பேருந்து அங்கெல்லாம் போவதில்லை. அக்டோபர் வந்தால் எனக்கு எழுபத்தைந்து. மிச்சம் எத்தனை வருடமோ, அதை நாற்காலியில் கழிப்பதற்கு நான் எதற்கு அவசரப்பட வேண்டும்?

ஏப்ரல் 1, ஞாயிறு

தினமும் காலை எழுந்ததும் ஓடுகளைப் பார்க்கிறேன். பல் தேய்ப்பதற்கு முன். நேற்று நான்கு ஓடுகள். இன்று ஐந்தோ என்று தோன்றுகிறது. எண்ணும்போதே எண்ணுகிற இடம் மறைகிறது.

ஏப்ரல் 8, ஞாயிறு. ஈஸ்டர்

மகள் யிட்ஸ்கே வீட்டில் காலைச் சாப்பாடு. அவிச்ச முட்டை, திராட்சை ரொட்டி, என் மருமகனின் வழக்கமான வளவளப்பு. காபியை நான்தான் ஊற்றினேன். எப்போதும் நான்தான் ஊற்றுவேன். கோப்பைக்குள் போகிறது என்றுதான் நினைத்தேன். மேசைவிரிப்பில் பழுப்பாகப் பரவியபிறகுதான் தெரிந்தது.

யிட்ஸ்கே துடைத்தாள். சமையலறைக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"அம்மா, கண்ணு எப்படி இருக்கு?"

"ரெண்டும் இருந்த இடத்துலதான் இருக்கு."

"விளையாடாதம்மா. போன வாரம் நான் தெருவுக்கு அந்தப்பக்கம் நின்னு கையாட்டினேன். நீ என்னப் பாத்துக்கிட்டே போயிட்ட."

"உங்கூடப் பேச இஷ்டமில்லாம போயிருப்பேன்."

"தாத்தாவும் இப்படித்தான் சொன்னாராமே."

தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கோட்டை மாட்ட நேரமில்லை, கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். அவரைப் பற்றிப் பேச அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது, பிறக்கவே இல்லையே அப்போது.

ஏப்ரல் 14, சனி

இதை எழுத வேண்டுமா? எழுதித்தான் ஆகவேண்டும். எழுதாவிட்டால் நடக்கவில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

கால்வாய் ஓரத்து நேர் சாலை. வெயில். எதிரே யாரும் இல்லை. யாருமே இல்லை, சத்தியமாக. பிறகு கார்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பெண், சைக்கிளில், முன்னால் கூடையில் பெரிய வெங்காயத்தாள் போல லீக் தண்டுகள். வானத்திலிருந்து விழுந்ததுபோல். வண்டியை ஒடித்தேன். அவள் புல்லில் கால் ஊன்றி நின்றுவிட்டாள். விழவில்லை. "கண்ணு தெரியலயா உனக்கு, கெழவி!" என்று கத்தினாள்.

எவ்வளவு தூரம் எனக்கு நேர் எதிரே வந்திருக்கிறாள். நேர் எதிரே வந்ததால்தான் தெரியவில்லை.

அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கும் அதே காரைத்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். வேறு எப்படி வருவது? இருபதில் வந்தேன். பின்னால் ஒலியெழுப்பியவர்கள் எல்லாம் என்னைக் கொலைகாரி என்று சொல்வதுபோல் இருந்தது.

அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

ஏப்ரல் 15, ஞாயிறு

கார் சாவியை மாவு டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். யாரிடமிருந்து ஒளிக்கிறேன்?

ஏப்ரல் 21, சனி

சைக்கிளிலேயே போனேன், வூப்போவின் ஆலைக்கு. 'வடக்கன்'. பதினோரு கிலோமீட்டர், மெதுவாக, ஓரமாக. ஓரம் எனக்கு நன்றாகத் தெரிகிறது. வூப்போ என் வயதுக்காரன். நாற்பது வருடமாக, அவன் மனைவி ஆல்யே ஊற்றும் காபியை ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே குடித்தவர்கள். அவன் ஆலையை இறக்கைகளில் துணிப்பாய் விரித்த நிலையில் எடுத்து டெர்க் மூஞ்சியில் எறிய வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இந்த முறை இடைவெளியைக் காலடியால் அளந்து, லென்ஸ் வளையத்தில் எண் வைத்து எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். கண் வேண்டாம், கணக்குப் போதும்.

தூரத்தில் நின்றே பார்த்தேன். இறக்கைகள் கூட்டல் குறிபோல் நின்றன. மேல் இறக்கை நேராக, உச்சியில். சின்ன ஓய்வு. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓட்டப் போகிறான் என்று அர்த்தம். கேமராவிலும் பார்த்தேன். நேர். மூன்று படம் எடுத்தேன்.

முற்றத்தில் நான்கைந்து கார்கள் இருந்தன. யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது. எப்போதும்போல வாசலிலிருந்தே ஆரம்பித்தேன்.

"டேய் சோம்பேறி! காத்து இப்படி அடிக்குது, ஆலைய நிறுத்திட்டு உள்ள விருந்தா நடக்குது? ஆல்யே, இவன எழுப்பி வெளிய தள்ளு!"

யாரும் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி ஆட்கள். கறுப்பு உடுப்பு. வூப்போ எழுந்து வந்தான். அவன் முகத்தில் எனக்கு நடு தெரியவில்லை, காதும் தலைமுடியும்தான் தெரிந்தன. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ஆல்யே வியாழக்கிழமை போயிட்டா, ஃபென்னா."

பிறகு, கோபம்கூட இல்லாமல்:

"ஆலைய நீ பாக்கலியா? நீயா பாக்கல?"

வெளியே வந்து ஆலைக்கு அடியில் போய் நின்றேன். தலையை ஒரு பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தேன். மேல் இறக்கை உச்சியைத் தாண்டி, கீழிறங்கத் தொடங்கிய இடத்தில் நின்றது. துக்க நிலை. உச்சியைத் தொடுவதற்கு முன்னால் நின்றால் கல்யாணம், பிறப்பு. தாண்டி நின்றால் சாவு. இந்தப் பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றுவார்கள். தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆலைகளைப் படமெடுத்தவளுக்கு, நூறு மீட்டரில் நின்று, கேமராவையும் வைத்துப் பார்த்தவளுக்குத் தெரியவில்லை. வளைந்த கண் அந்தச் சாய்வை நிமிர்த்திவிட்டது.

நேராக இருப்பதை வளைத்துக் காட்டியது, சரி, பொறுத்தேன். சாய்ந்திருப்பதை நேராகக் காட்டினால் எதை வைத்து நான் சந்தேகப்படுவது? இனிமேல் எது சரியாகத் தெரிகிறதோ அதைப் பார்த்தும் பயப்பட வேண்டும்.

ஆல்யே. போன மாதம் எனக்குக் கடுகு சூப் கொடுத்தனுப்பினாள். பாத்திரம் இன்னும் என் வீட்டில்.

வழியில் இரண்டு முறை இறங்கி நின்றேன். அழுதால் ஓரம்கூடத் தெரியாது, அதனால் அழவில்லை.

ஏப்ரல் 23, திங்கள்

எட்டு மணிக்கு டாக்டருக்கு நானே போன் செய்தேன். கோடுகள் வளைந்து தெரிகின்றன என்றேன். எடுத்த பெண்ணின் குரல் மாறிவிட்டது. "எந்தக் கண்ணு? ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க, வச்சிடாதீங்க." சளி, முழங்கால் என்றால் மூன்று வாரம் கழித்து வரச் சொல்வார்கள். வியாழக்கிழமையே நகரத்து மருத்துவமனைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் அவசரப்படுவதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 25, புதன்

ஆல்யேயின் அடக்கம். கடைசி வரிசையில் நின்றேன். யாரும் என் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன், திரும்பினாலும் எனக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஹார்ம் விடுப்பு எடுத்து வந்து, 'வடக்கன்' ஆலையின் பின்னால் நின்று அதன் தலையைத் திருப்பும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். சவ வண்டி வீட்டிலிருந்து தேவாலயத்துக்கும், அங்கிருந்து மேட்டுக் கல்லறைக்கும் போகப் போக, ஆலையின் முகம் அவளைப் பார்த்தபடியே திரும்பிக்கொண்டிருந்தது. அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்ற எவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைப் படமெடுக்கவில்லை. எடுக்க எனக்கு முகமில்லை.

வாசலில் வூப்போவின் கையைப் பிடித்தேன். மன்னிப்பு என்ற சொல் என் வாயில் எப்போதும் சரியாக வருவதில்லை. அவன் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்.

"எப்ப இருந்து தெரியல உனக்கு?"

"எது?"

"ஃபென்னா. நான் கெழவன்தான், மடையன் இல்ல. யாருகிட்டயும் சொல்லல நான். டாக்டரப் பாரு."

"நாளைக்குப் போறேன்."

"யாரு கூட்டிட்டுப் போறா?"

என் கையை அவன் விடவில்லை. பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் யிட்ஸ்கேக்குப் போன் செய்தேன்.

ஏப்ரல் 26, வியாழன்

கட்டம் போட்ட ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு புள்ளி. "புள்ளியப் பாருங்க, கோடுங்க எல்லாம் நேரா இருக்கா?" புள்ளியே இல்லை என்றேன். கையில் சாயம் ஏற்றினார்கள், கண்ணுக்குள் படமெடுத்தார்கள். பளிச் பளிச்சென்று. நாற்பது வருடம் நான் பிறருக்குச் செய்தது.

டாக்டர் ஓர் இளம் பெண். என் கண்ணின் அடிப்பக்கத்தைத் திரையில் காட்டினாள். இருக்கக்கூடாத இடத்தில் ரத்தக்குழாய் முளைத்து, நீர் கசிந்து, மேலே இருக்கும் படலத்தைத் தூக்கிவிட்டிருக்கிறதாம். தரை ஊறினால் ஓடு எழும்புமே, அப்படி.

"எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"ரெண்டு வாரமா."

யிட்ஸ்கே பக்கத்தில் இருந்தாள். டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ரெண்டு வாரத்துது மாதிரி தெரியல."

"மார்ச் ஆறாந்தேதி" என்றேன். "கேமராவுல கோடு சேரல. எழுதி வச்சிருக்கேன்."

யிட்ஸ்கே மூச்சை உள்ளே இழுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

இப்போது மருந்து இருக்கிறது. அப்பா காலத்தில் இல்லை. கண்ணுக்குள் ஊசி. கண் பக்கத்தில் இல்லை, கண்ணுக்குள். மாதம் ஒன்று, மூன்று மாதம், அப்புறம் பார்ப்பார்கள். போனது வருமா என்றேன். "இருக்கிறதக் காப்பாத்தத்தான் ஓடுறோம். கொஞ்சம் திரும்பி வந்தா அது லாபம்." கார் ஓட்டக்கூடாது. இன்றிலிருந்து.

வரும் வழியில் பாதித் தூரத்தில் யிட்ஸ்கே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

"ஏழு வாரம், அம்மா. ஏழு வாரம். நகராட்சிக்கு மூணு பக்கம் எழுதத் தெரியுது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல."

மே 2, புதன்

நாளை. முதல் ஊசி. கண்ணாடி முன் நின்று கண்ணைத் திறந்தபடி ஒரு கரண்டிக் காம்பை அருகில் கொண்டுவந்து பார்த்தேன். இமை தானாக மூடிக்கொள்கிறது. என்ன திட்டினாலும் கேட்கவில்லை. ஊசி வரும்போது நான் அசைந்துவிட்டால்? மிச்சமிருப்பதையும் நானே கெடுத்துக்கொண்டால்?

போகாமல் இருந்துவிடலாம். யாரும் கட்டித் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

மே 3, வியாழன்

போனேன்.

முகத்தை நீலத் துணியால் மூடி, அந்த ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை. சொட்டு மருந்து, மறுபடி சொட்டு, மஞ்சள் மருந்தால் கழுவல். பிறகு ஒரு கம்பியை வைத்து இமைகளை விரித்தார்கள். செவிலி ஓர் ஆண், தச்சன்போல் பெரிய கை.

"இப்ப நீங்க கண்ண மூடணும்னு நெனச்சாலும் முடியாது, அம்மா. அதனால அந்தக் கவலய விடுங்க."

"நான் கவலப்படவே இல்ல."

"அப்ப என் விரல்கள விடுங்க. ஒடிஞ்சிரும் போல இருக்கு."

எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. விடவும் இல்லை. "மேல பாருங்க" என்றாள் டாக்டர். ஓர் அழுத்தம். கண்ணுக்குள் தண்ணீரில் எண்ணெய் ஊற்றியதுபோல் வளைந்து நெளிந்து ஏதோ பரவியது. அவ்வளவுதான். நான் கத்தவில்லை. கத்தினேனா என்று யிட்ஸ்கேயைக் கேட்டேன். கதவுக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை என்றாள். அவள் பொய் சொன்னால் எனக்குத் தெரியும், மூக்கு சுருங்கும், ஆனால் மூக்கைப் பார்க்க முடியவில்லை.

மே 4, வெள்ளி

கறுப்பாக ஓர் உருண்டை கண்ணின் அடியில் உருள்கிறது. ஐயோ, போச்சு, எல்லாம் போச்சு. தலையை ஆட்டினால் ஆடுகிறது. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். காற்றுக் குமிழியாம். நேற்றே சொன்னார்களாம். என் காதில் விழவில்லை. நாளைக்குள் போய்விடுமாம்.

மே 5, சனி

போய்விட்டது.

மே 12, சனி. ஆலை நாள்

போகவில்லை. முப்பத்தொரு வருடத்தில் முதல்முறை. சாயங்காலம் ஹார்ம் மீந்த அப்பங்களோடு வந்தான். கதவைப் பாதிதான் திறந்தேன்.

"என் இறக்கை முறியல, ஃபென்னா. ஊரே கீழ நின்னுச்சு."

"சந்தோஷம்."

"நீங்க இல்லாம ஒரே அமைதி. ஒருத்தரும் ஒரு குத்தமும் சொல்லல. ரொம்ப போரடிச்சுது."

வூப்போ சொல்லிவிட்டானா? இல்லை, இவனே கயிற்றிலிருந்து கணக்குப் போட்டிருப்பான். கதவை முழுதாகத் திறந்து அவனுக்குக் காபி வைத்தேன். ஊற்றும்போது கோப்பை விளிம்பில் விரலை வைத்துக்கொண்டேன். பார்த்தான். அப்பத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

ஜூன் 7, வியாழன்

இரண்டாவது ஊசி முடிந்தது. பயம் குறையவே இல்லை. எந்த நிமிடத்தில் பயப்பட வேண்டும் என்று மட்டும் தெரிந்துவிட்டது.

ஜூன் 24, ஞாயிறு

ஓடுகள். நான்கு. இல்லை, மூன்றுதானா? வளைவு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. கறை அப்படியே. நம்பலாமா? நேராகத் தெரிவதை நம்பித்தானே வூப்போ வீட்டுக்குள் போனேன். யிட்ஸ்கேயை வரவழைத்து அளவுகோலைச் சுவரில் வைக்கச் சொன்னேன். முன்பு பாம்பாக நெளிந்திருக்கும். இப்போது நடுவில் ஒரு தடுக்கல் மட்டும்.

ஜூலை 5, வியாழன்

மூன்றாவது ஊசி. பெரிய கைக்காரன் இன்று விடுப்பாம். வேறொரு பெண்ணின் கை. சின்னக் கை. பிடிக்கவில்லை.

ஜூலை 26, வியாழன்

நீர் வற்றிவிட்டது. டாக்டர் திரையில் காட்டினாள், படலம் கீழே படிந்திருக்கிறது. ஆனால் நடுவில் தழும்பு. அது போகாது. அந்தப் புள்ளி இனி எனக்கு இல்லை. அதைச் சுற்றி இருப்பது இருக்கிறது. மறுபடி கசியலாம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், எத்தனை வருடம் ஆனாலும். எழுத்தைப் பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று தந்திருக்கிறார்கள். இதை எழுதுவது அதை வைத்துத்தான்.

மார்ச்சிலேயே வந்திருந்தால் தழும்பு விழுந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. யிட்ஸ்கேயும் கேட்கவில்லை. மூன்று பேரும் அதைச் சுற்றிக்கொண்டே பேசினோம்.

ஆகஸ்ட் 11, சனி

ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பி அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம்: கால்வாய் ஓரத்துச் சாலையில் சைக்கிள்களுக்குத் தனிப் பாதை ஏன் இல்லை, இத்தனை வருடம் என்ன செய்கிறீர்கள் என்று. இரண்டு பக்கம்தான்.

அந்தப் பெண்ணை நினைக்காத நாள் இல்லை. லீக் தண்டுகள்.

செப்டம்பர் 8, சனி

யிட்ஸ்கேயின் காரில் எல்லைப் பக்கம் போனோம். அங்கே பழுது பார்த்துப் புதிதாகத் திறந்த ஆலை ஒன்று, நான் இதுவரை எடுக்காதது. மூன்று முறை வழி தவறினாள். நான் வழி சொன்னேன், அவள் கேட்கவில்லை, மரபு அப்படி.

ஆலையின் பாதை முனையில் வண்டியை நிறுத்தினாள். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவுப் பிடியில் கை வைத்தேன். இறங்கவில்லை. வெளியே ஒரு வீடு இருப்பது தெரிந்தது. திறந்த கதவு. முற்றத்தில் சில கார்கள்.

"யிட்ஸ்கே. மேல இருக்கிற இறக்கை எந்தப் பக்கம் நிக்குது?"

அவள் கண்ணாடிக்கு அருகில் குனிந்து பார்த்தாள். சிரிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை.

"நிக்கலம்மா. சுத்துது."

இறங்கினேன்.